டர்போ மறுபடியும் போய்விட்டது, வாரண்டி கிடையாது என்கிறார்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கிறேன். பேக்கரியில் இருந்து டீக்கடைகளுக்கு பன், பிரெட், ரஸ்க் போடும் தொழில். 2023 ஜூனில் ஒன்றரை லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் உள்ள மூடிய வேன் ஒன்றை 8 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு பைனான்ஸில் வாங்கினேன். பிஎஸ்-6 வண்டி. வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். நான்தான் ஓட்டுகிறேன், சரக்கு இறக்க ஒருவர் கூட வருவார். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, நாற்பது கடைக்கு மேல் நின்று நின்று போவோம். ஒரு நாளைக்கு 30, 35 கிலோமீட்டர்தான் ஓடும். 14 ஆயிரம் கிலோமீட்டரில் டிபிஎஃப் (புகைக் கரி வடிகட்டி) விளக்கு எரிந்தது. ஷோரூமில் ‘சரி செய்துவிட்டோம்’ என்றார்கள். 19 ஆயிரத்தில் டர்போ போனது, வாரண்டியில் மாற்றினார்கள். இப்போது 26 ஆயிரம். மறுபடியும் நீலப் புகை, பிக்கப் இல்லை. போன மாதம் கொண்டுபோனால், ‘குட்டி டிரிப்பாக ஓட்டுகிறீர்கள், ஒரு தடவை வெளியே ஆயில் மாற்றியிருக்கிறீர்கள், வாரண்டி வராது’ என்று சொல்லி 94 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆயிலுக்குப் பில் இருக்கிறது. புது வண்டி கேட்கலாமா? வழக்கு முடியும்வரை தவணையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: முதல் டர்போ ஏன் போனது என்று யாராவது உங்களுக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? உங்கள் கடிதத்தில் அதைத்தான் தேடினேன், இல்லை. நீங்கள் அனுப்பிய ஜாப் கார்டு நகலிலும் ‘டர்போ மாற்றப்பட்டது, வண்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது’ என்று ஒரே வரிதான். உங்கள் வழக்குக்கு உயிர் கொடுக்கப்போவது அந்த விடுபட்ட காரணம்தான். அதனால் சட்டத்துக்கு முன் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சுழலி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் தண்டு, பேரிங்கின் மேல் நிற்கும் மெல்லிய ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. ஆயில் நன்றாக இருந்தால் டர்போ வருஷக்கணக்கில் உழைக்கும். ஆயில் கெட்டால் முதலில் சாவது அதுதான். 26 ஆயிரம் கிலோமீட்டருக்குள் இரண்டு டர்போ போகிறது என்றால், எந்த நல்ல மெக்கானிக்கும் டர்போவைக் குறை சொல்ல மாட்டார். அதற்கு வரும் ஆயிலைப் பார்ப்பார்.

உங்கள் வண்டியில் ஆயில் கெட ஒரு வழி இருக்கிறது. டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அது நிறைந்ததும் எஞ்சின் தானாகவே கரியை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. அந்தச் சூட்டுக்காக சிலிண்டருக்குள் தாமதமாகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிப்பார்கள். ஹைவேயில் பதினைந்து, இருபது நிமிடம் ஒரே வேகத்தில் போனால் வேலை முடிந்துவிடும். நீங்களோ கடைக்குக் கடை வண்டியை அணைக்கிறீர்கள். எரிப்பு பாதியில் நின்றால், தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். இன்னொரு பக்கம், அடைத்துக்கொண்ட டிபிஎஃப் புகையைப் பின்னுக்குத் தள்ளும். அந்த அழுத்தமும் சூடும் டர்போவின் மேல்தான் விழும். 14 ஆயிரத்தில் எரிந்த விளக்கும் 19 ஆயிரத்தில் போன டர்போவும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே நிலைமை வரும். அது உற்பத்திக் குறையாக இருக்கலாம். இரண்டில் எது என்று பார்க்காமல் புது டர்போவை மாட்டி அனுப்பியதுதான் அவர்கள் செய்த தவறு.

‘குட்டி டிரிப் ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டால் தோற்றுவிடுவேனா’ என்று பயப்படாதீர்கள். என் பார்வையில் அவர்கள் சொல்லும் இந்தக் காரணமே உங்களுக்கு ஆயுதம். கடைக்குக் கடை சரக்கு போடத்தான் இந்த மாதிரி வேன் விற்கிறார்கள். விற்கும்போது உங்கள் தொழில் அவர்களுக்குத் தெரியும். ‘வாரம் ஒரு தடவையாவது ஹைவேயில் ஓட்டுங்கள், டிபிஎஃப் விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்காதீர்கள்’ என்று யாராவது சொன்னார்களா? 14 ஆயிரத்தில் விளக்கு எரிந்து போனபோதாவது சொன்னார்களா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. ஆனால் உங்கள் ஓனர்ஸ் மேனுவலை இன்றே எடுத்து டிபிஎஃப் பக்கத்தைப் படியுங்கள். அங்கே தெளிவாக, உங்களுக்குப் புரியும் மொழியில் எச்சரிக்கை இருந்தால் இந்த வாதம் பலவீனமாகும். அப்போது ‘காரணம் பார்க்காமல் பாகத்தை மட்டும் மாற்றினார்கள்’ என்ற வாதத்தை முன்னால் வைப்போம்.

வெளியே ஆயில் மாற்றிய விஷயத்தில், பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆயிலின் கிரேடு எழுதியிருக்கிறதா பாருங்கள். டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். மேனுவலில் சொன்ன அதே கிரேடு என்றால், அந்த ஆயில் எப்படி டர்போவைக் கெடுத்தது என்று காட்டும் பொறுப்பை அவர்கள் பக்கம் தள்ளலாம். வேறு கிரேடு என்றால் என்னிடம் மறைக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வெளிப்படுவதைவிட முதலிலேயே தெரிவது நல்லது.

அவர்கள் எழுப்பப்போகும் அடுத்த ஆட்சேபணை, ‘இது வணிக வாகனம், இவர் நுகர்வோரே அல்ல’ என்பது. இதற்குப் பதில் 1995-லேயே இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினீரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. லட்சுமி நிறுவனம் அதில் தோற்றாலும் விளக்கம் நிலைத்துவிட்டது. 2019 சட்டத்தின் பிரிவு 2(7)-லும் சுயதொழில் விலக்கு இருக்கிறது. டிரைவர் வைத்து ஓட்டியிருந்தால் சிக்கல். நீங்களே ஓட்டுவதால் உங்கள் லைசென்ஸ் நகலையும், வேறு வருமானம் இல்லை என்ற உறுதிமொழியையும் மனுவோடு வையுங்கள்.

புது வண்டி கிடைக்குமா? கேட்கலாம், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம். கிளட்ச் பழுதான ஒரு கார் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டி தரும் கடமை, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஞ்சினிலேயே அடிப்படைக் குறை என்று நிபுணர் அறிக்கை வந்தால்தான் முழு மாற்றத்துக்கோ பணத்தைத் திருப்பித் தருவதற்கோ வலு. ஆகவே மனுவில் மூன்றையும் கேளுங்கள்: காரணத்தைக் கண்டுபிடித்துச் செலவில்லாமல் முழுமையாகச் சரிசெய்து தருவது, அது முடியாவிட்டால் வண்டி மாற்றம் அல்லது வட்டியோடு பணம், எதுவானாலும் வண்டி நின்ற நாட்களுக்கான நஷ்டஈடு. 2019 சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ (குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கு இழப்பீடு) என்ற புதிய அத்தியாயத்தின் கீழ் போடச் சிலர் சொல்வார்கள். அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அதில் அடங்காது. அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தவணையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பைனான்ஸ் ஒப்பந்தம் தனி, வண்டிக் குறை தனி. தவணை நின்றால் வண்டியை எடுத்துப் போவார்கள். வழக்கின் முக்கியச் சாட்சியே உங்கள் கையை விட்டுப் போய்விடும். வங்கியில் தானியங்கிப் பிடித்தம் பணமில்லாமல் திரும்பினால், 2007-ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் பிரிவு 25-ல் உங்கள் மேல் குற்ற வழக்கே வரலாம். கஷ்டம் புரிகிறது, வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. நஷ்டஈட்டில் கேட்க, வாடகை வேனுக்குக் கொடுக்கும் பணத்துக்குத் தினமும் ரசீது வாங்கி வையுங்கள்.

சாட்சி என்றேன் இல்லையா, அதில்தான் வண்டிக்காரர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவர், வேலையில்லாமல் எத்தனை நாள் இருப்பது என்று பொறுக்க முடியாமல் வெளியே எஞ்சினைப் பிரித்துவிட்டுத்தான் வந்தார். பழைய டர்போ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அப்புறம் நிபுணர் எதைப் பார்ப்பார்? நீங்கள் எதையும் பிரிக்க வேண்டாம். ஷோரூமுக்கும் தயாரிப்பாளருக்கும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ‘ஏழு நாளுக்குள் இரு தரப்பும் சேர்ந்து வண்டியைப் பரிசோதிக்க வாருங்கள். வாரண்டி மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தாருங்கள். இசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவான பிழைக் குறியீடுகளை அழிக்காமல் பிரிண்ட் தாருங்கள்’ என்று கேளுங்கள். கடைசிக் கோரிக்கை முக்கியம். டர்போ அழுத்தம் குறைந்தால் பி0299, டிபிஎஃப்பில் கரி மிகுந்தால் பி2463 என்று பதிவாகும். பிழை வந்தபோது எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற தகவலும் பெரும்பாலும் கூடவே இருக்கும். உள்ளூர் மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் நீங்களும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கிளியர்’ பட்டனை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள்.

ஏழு நாளில் பதில் இல்லையென்றால் பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் துறை ஆசிரியர் ஒருவரையோ, உரிமம் பெற்ற வாகன சர்வேயரையோ வைத்து அறிக்கை வாங்குங்கள். அதன் பிறகு பிழைப்புக்காக வண்டியைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்றால் செய்யலாம். பில்லில் ‘ஆட்சேபணையோடு செலுத்துகிறேன்’ என்று எழுதுங்கள், பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆணையமும் பிரிவு 38-ன்படி பரிசோதனைக்கு உத்தரவிட முடியும். அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டி வரலாம்.

மனுவைத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம், ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் சரி. நீங்கள் குடியிருக்கும் இடம் போதும். விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வாரண்டி மறுத்தது போன மாதம் என்பதால் 2 வருடக் கெடு அங்கிருந்துதான் எண்ணப்படும் என்று வாதிடலாம். நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு நீளாது, ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

நாளைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் வண்டியை நிறுத்தி டிப்ஸ்டிக்கை எடுங்கள். துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா, முகர்ந்தால் டீசல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிலோமீட்டர் மீட்டரும் டிப்ஸ்டிக்கும் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஒரு சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் ஆயிலைப் பிடித்து, இரண்டு பேர் கையெழுத்தோடு ஒட்டி மூடி வையுங்கள். அந்த வீடியோ எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்று கொடுக்கும்போது அதே போன் வேண்டும்.