தொட்டியை விட்டுத் துள்ளும் மீன்கள்: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல், மீனைத் தரையில் பார்த்த வருத்தத்தோடு எழுதியவை. அந்த வருத்தம் எனக்கும் தெரியும். ஹீட்டர் ஒயருக்காக மூடியில் நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாக, பாம்பு போல நீண்ட ஒரு ரோப் ஃபிஷ் வெளியேறி இறந்துபோனது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காலையில் எழுந்து பார்த்தால் கௌராமி தரையில் கிடந்தது. அசைவே இல்லை, அதனால் தூக்கிப் போட்டுவிட்டேன். பிழைத்திருக்குமா அண்ணா?

பதில்: எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாமல் சொல்ல முடியாது. ஆனால் இனி ஒருபோதும் உடனே தூக்கிப் போடாதீர்கள். செவுளில் இருக்கும் மெல்லிய இழைகள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் காற்று இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டுவது அதனால்தான். கௌராமி, ஃபைட்டர் போன்றவற்றுக்குக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. உடம்பில் ஈரம் இருக்கும்வரை அவை மற்ற மீன்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

கையை நனைத்துக்கொண்டு மீனை எடுங்கள். காய்ந்த கையில் அதன் வழவழப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், நோய் தொற்றாமல் காப்பதே அந்த வழவழப்புதான். தொட்டித் தண்ணீரையே ஒரு பாத்திரத்தில் எடுத்து அதில் விடுங்கள். ஒட்டியிருக்கும் தூசியைத் தேய்க்க வேண்டாம், தண்ணீரில் மெல்ல அசைத்தால் ஊறித் தானே கழன்றுவிடும். மீனை நிமிர்த்திப் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் பக்கத்தில், தண்ணீர் வாய் வழியாகப் போகும்படி வைத்திருங்கள். வால் பக்கமாகப் பின்னால் இழுக்காதீர்கள். செவுள் லேசாக ஒருமுறை அசைந்தாலும் நம்பிக்கை உண்டு. அரை மணி நேரமாவது பொறுத்துப் பாருங்கள். பிழைத்துக்கொண்டால் அன்று முழுக்க விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். அடுத்த சில நாட்களில் உடம்பில் வெள்ளைப் பஞ்சு போல எதுவும் படர்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: புதுத் தொட்டி, வைத்துப் பத்து நாள்தான் ஆகிறது. மூன்று டேனியோ குதித்து இறந்துவிட்டன. மூடி போட்டேன், இப்போது மீதி மீன்கள் மூடியில் மோதுகின்றன. என்ன செய்வது?

பதில்: டேனியோ துள்ளும் மீன்தான். ஆனால் பத்து நாளில் மூன்று என்றால் எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். மீன் வெளியே விழுவதை மூடி தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அவை தப்பிக்கப் பார்க்கும் காரணம் உள்ளேயே இருக்கிறது.

மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை அம்மோனியா செவுளை எரிக்கும். இன்றே தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வைத்துப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்திருக்க வேண்டும், வெப்பமும் தொட்டியில் இருப்பதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். தினமும் சோதித்து, தேவைப்பட்டால் மறுபடி மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். இறந்ததற்குப் பதிலாகப் புது மீன் வாங்கி விடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள்.

வெப்பத்தையும் பாருங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5 தான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஏர் பம்பைக் கூட்டுங்கள்.

கேள்வி: தண்ணீர் நன்றாக இருந்தாலும் குதிக்கும் மீன்கள் எவை?

பதில்: ஹேட்செட், ஆப்பிரிக்க பட்டர்ஃபிளை, கில்லி, அரோவானா. இவை தண்ணீரின் மேல்பரப்பில் வாழ்பவை, எதிரியிடமிருந்து தப்பவோ பூச்சியைப் பிடிக்கவோ துள்ளுவது இவற்றின் இயல்பு. அரோவானா ஒரு மீட்டருக்கு மேலும் எழும்பும். ரோப் ஃபிஷ், விலாங்கு வகைகள் துள்ளுவதைவிட சந்து தேடி ஊர்ந்து போகும். கடல் தொட்டியில் ஃபயர்ஃபிஷ், ராஸ் இரண்டையும் மூடியில்லாமல் வைக்கவே கூடாது.

கேள்வி: முழுவதும் மூடினால் மீனுக்குக் காற்று கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். நாம் போடும் மூடி எதுவும் காற்றுப் புகாத அளவுக்கு இறுகாது. தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் போதும்.

கேள்வி: எந்த மூடி நல்லது சார்? தண்ணீர் மட்டத்தைக் குறைத்தால் மூடியே வேண்டாமா?

பதில்: மட்டத்தைக் குறைப்பது உதவும், ஆனால் மூடிக்கு மாற்று இல்லை. கண்ணாடி உறுதியானது. மெல்லிய அக்ரிலிக் தாள் ஈரத்தில் வளைந்து ஓரத்தில் சந்து விடும். என் விருப்பம் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. மோதினாலும் தலை அடிபடுவது குறைவு. சின்ன மீன் என்றால் சின்னக் கண்ணுள்ள வலையாகப் பாருங்கள். எதைப் போட்டாலும் பில்டர் குழாய், ஒயர், ஏர் டியூப் நுழையும் இடங்களை ஸ்பாஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். மீன்கள் போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

கேள்வி: ராத்திரி விளக்கைப் போட்டதும் துள்ளுகின்றன.

பதில்: பயந்துபோய்த்தான். முதலில் அறை விளக்கு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி விளக்கை முதலில் அணையுங்கள். மிதக்கும் செடி இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ஒரு மீன் மற்றொன்றைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. துரத்தப்படுவது நேற்று வெளியே விழுந்துவிட்டது.

பதில்: இன்றே பிரித்து வையுங்கள். தனித் தொட்டி இல்லையென்றால் நடுவில் தடுப்பு போடுங்கள். அப்புறம் கல், செடிகளை இடம் மாற்றி, ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாத மறைவிடங்கள் அமையுங்கள். தடுப்பை எடுத்த பிறகும் துரத்தினால் இரண்டும் ஒரே தொட்டியில் வேண்டாம்.

கேள்வி: மீன் பரவாயில்லை, என் ஆப்பிள் நத்தைதான் வெளியே வந்துவிடுகிறது!

பதில்: பெண் நத்தையாக இருக்கலாம். அது தண்ணீருக்கு மேலேதான் முட்டையிடும். மட்டத்தை ஐந்தாறு சென்டிமீட்டர் குறைத்து மூடி போடுங்கள், மூடிக்குக் கீழேயே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

கேள்வி: தண்ணீர் மாற்றும்போது மீன்களை வாளியில் விடுகிறேன். அங்கிருந்தும் ஒன்று குதித்துவிட்டது.

பதில்: மீன்களை வாளிக்கு மாற்றவே வேண்டாம். தொட்டியிலேயே இருக்கட்டும், கால் பங்கு தண்ணீரை மட்டும் டியூப் வைத்து இறக்குங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள்.