வண்டியை உயர்த்தியபின் வந்த அதிர்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2019ஆம் ஆண்டு சுசுக்கி ஜிம்னி உள்ளது. ஜோகூரின் கோத்தா திங்கி வட்டாரச் செம்பனைத் தோட்டப் பாதைகளுக்காக, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் சுருள்வில்களையும் நீளமான ஷாக் அப்சார்பர்களையும் பொருத்தினேன். அதன்பின் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் அதிர்கிறது. ஸ்டீயரிங்கும் ஒரு நிலையில் நிற்பதில்லை. சக்கரங்களை பேலன்ஸ் செய்தும் பயனில்லை. உயர்த்தினால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள் பட்டறையில். உண்மையா?
– ஈசூன் வாசகர்

பதில்: அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு தொடர்ந்து ஓட்டாதீர்கள். இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். இரண்டையும் சரிசெய்ய முடியும்.

ஜிம்னியின் முன், பின் ஆக்சில்கள் ஒவ்வொன்றும் ஒரே துண்டாக அமைந்தவை. உயரமான சுருள்வில், வண்டியின் சட்டத்தையும் அதில் பூட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸையும்தான் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் பெட்டி) தூக்குகிறது. ஆக்சிலும் அதன் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலும் பழைய உயரத்திலேயே நிற்கின்றன. ஆகவே டிரான்ஸ்ஃபர் கேஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் சுழல்தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னைவிட அதிகம் சாய்கிறது. 600 மில்லிமீட்டர் நீளமுள்ள ஷாஃப்ட்டின் ஒரு முனையை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் சாய்வு ஏறக்குறைய 5 பாகை கூடும்.

சாய்வு கூடியது மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள, மடங்கியபடி சுழலும் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், வெளியேறும் சுழற்சியின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி இருமுறை குறையும். இந்த ஏற்ற இறக்கம் 10 பாகையில் சுமார் 1.5 விழுக்காடு, 20 பாகையில் 6 விழுக்காட்டைத் தொடும். ஷாஃப்ட்டின் மறுமுனை ஜாயின்ட்டும் அதே அளவு கோணத்தில் நின்றால்தான் முதல் ஜாயின்ட் உண்டாக்கிய ஏற்ற இறக்கத்தை அது சரிக்கட்டும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டும் டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான பினியனும் இணைகோடுகளாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் குலைந்திருப்பது பெரும்பாலும் இதுதான். சட்டம் உயரும்போது பின் ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் கைகள் சாய்ந்து, அவற்றோடு ஆக்சிலும் சற்று உருண்டு, பினியனின் மூக்கு மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஷாஃப்ட் வினாடிக்கு 45 முறைக்கு மேல் சுழல்வதால், சரிக்கட்டப்படாத ஏற்ற இறக்கம் வினாடிக்கு 90 உதைகளாக உங்கள் இருக்கைக்கு வந்து சேர்கிறது. சக்கர பேலன்ஸ் இதைத் தொடக்கூட முடியாது.

எந்த ஷாஃப்ட் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். 2H நிலையில் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை) முன் சக்கர ஹப்கள் விடுபட்டிருப்பதால் முன் ஷாஃப்ட் சுழலாது. அப்போதும் அதிர்ந்தால் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து, கோணங்களை அளக்கச் சொல்லுங்கள். வண்டியை இரு தூண் லிஃப்டில் ஏற்றி, ஆக்சில் தொங்கும் நிலையில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. சமதரையில், வண்டியின் எடை சக்கரங்கள் மீதே இருக்க, காந்தக் கோணமானியை வெளித்தண்டிலும் ஷாஃப்ட்டிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதே ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய இடம்தரும் வழுக்குப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்: உறைக்குள்ளிருந்து புதிதாகப் பளபளக்கும் பகுதி வெளியே வந்திருந்தால், ஷாஃப்ட் அந்த அளவு இழுபட்டுள்ளது, பள்ளத்தில் ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பற்களின் பிடி இன்னும் குறையும்.

முன்பக்கத்தில் ஆக்சிலின் இதே உருளல் காஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைக்கிறது. ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்புவது அந்தக் கோணத்தால்தான். அது குறைந்ததால்தான் வண்டி அலைகிறது. துளை மையம் விலகிய புஷ்களை (இணைப்பில் பொருந்தும் வளையங்கள்) கைகளின் ஆக்சில் முனையில் போட்டால், முன்பக்கம் காஸ்டரும் பின்பக்கம் பினியனும் பழைய கோணத்திற்கு வரும். கைகளின் சட்ட முனையைக் கீழிறக்கும் பிராக்கெட்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அது சட்டத்திற்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் மரக்கட்டைகளிலும் பாறைகளிலும் இடிபடும். உங்கள் பயன்பாட்டிற்குப் புஷ்ஷே போதும். ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்காக இணைக்கும் பேன்ஹார்ட் கம்பி அதைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறதா, பிரேக் ஹோஸ்கள் முழுத் தொங்கலில் விறைக்கின்றனவா என்பதையும் உடன் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டச் சேற்றுத் தடத்தில் முதலில் தட்டுவது டிஃபரன்ஷியல். அதன் அடியிலுள்ள இடைவெளியை எந்தச் சுருள்வில்லும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாது. டயரின் விட்டம் 50 மில்லிமீட்டர் கூடினால் அங்கே 25 மில்லிமீட்டர் கிடைக்கும். எனவே இரண்டங்குல வில்லைவிட, ஓர் அங்குல வில்லோடு சற்றுப் பெரிய டயரே நல்ல தேர்வு என்பது என் கருத்து. எதை மாற்றுவதானாலும், எந்த மாற்றத்திற்கு அனுமதி தேவை, எது கூடாது என்று சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 3 முதல் 10 ஆண்டு வரையிலான கார்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போயாக வேண்டும்.

கேள்வி: என் பிக்கப்பின் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். உயர்த்தினால் எனக்கும் இதே அதிர்வு வருமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: முன்பக்கம் வேறு விதம். அங்கே டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பூட்டப்பட்டு அதனுடனேயே உயர்வதால், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறாது. டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்திற்குப் போகும் அரை ஷாஃப்ட்டுகள்தான் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அவற்றின் சி.வி. (சீர்வேக) ஜாயின்ட் கோணத்திலும் சீராகச் சுழலும். ஆனால் கோணம் கூடக்கூட ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், மணல் புகுந்து ஜாயின்ட் தேயும். டிஃபரன்ஷியலைக் கீழிறக்கும் ஸ்பேசர் போட்டால் கோணம் குறையும், ஆனால் உயர்த்திப் பெற்ற இடைவெளியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். பின் ஆக்சில் ஒரே துண்டாக இருந்தால், அந்தப் பக்கத்திற்கு ஈசூன் வாசகருக்குச் சொன்ன அளவீடு உங்களுக்கும் தேவை.