நேர்த் தையல் மட்டும் தெரிந்தால் குவில்ட் செய்ய முடியுமா?

"மெஷினில் நேராகத் தைக்க மட்டும்தான் வரும். குவில்ட் வீடியோக்களைப் பார்த்தால் ஆசையாகவும் பயமாகவும் இருக்கிறது. சிங்கப்பூரில் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். குவில்ட் என்பது துணித் துண்டுகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. ரவிக்கைக்கு வேண்டிய கழுத்து வளைவு, கை ஏற்றுவது, டார்ட் பிடிப்பது எதுவும் இதில் கிடையாது. சதுரத்தோடு சதுரத்தைச் சேர்த்தால் வரிசை, வரிசையோடு வரிசையைச் சேர்த்தால் மேல்துணி. அதற்கடியில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து ஓரம் கட்டினால் குவில்ட். சொல்லப்போனால் இதில் பெரும்பகுதி நேரம் வெட்டுவதிலும் இஸ்திரி போடுவதிலும்தான் போகும். கவனம் வேண்டியதும் அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். குவில்ட்டில் துணியின் விளிம்பிலிருந்து கால் இன்ச் விட்டுத் தைக்க வேண்டும். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். எட்டுத் துண்டு உள்ள வரிசையில் ஏழு தையல், ஆக 14 மில்லிமீட்டர். அடுத்த வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டும் சேரவே சேராது. அதனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மூன்றரை இன்ச் இருந்தால் உங்கள் கால் இன்ச் சரி. குறைந்தால் தையலை விளிம்புப் பக்கம் ஒரு நூலிழை தள்ளுங்கள். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

கத்தரிக்கோலில் இந்தத் துல்லியம் கிடைப்பது கஷ்டம். உருளைக் கத்தி (வட்டத் தகடு உருண்டு வெட்டும் ரோட்டரி கட்டர்), வெட்டும் பாய், கண்ணாடிபோன்ற அக்ரிலிக் ஸ்கேல் ஆகிய மூன்றிலும் காசைப் பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு வாங்கலாம். கத்திக்கு 45 மில்லிமீட்டர் அளவு போதும். அது சவரக் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மூடிவிடுங்கள். பாயை வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் வளைந்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அதைப் படுக்கை வசமாக வைக்க இடம் கிடைக்காது என்பது தெரியும், கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள்.

துணிக்கு பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மாடிக் கடைகள், அரபு ஸ்திரீட் என்று அலையலாம். பஞ்சு விரிப்பை பேட்டிங் என்று கேட்க வேண்டும், அதற்கு ஸ்பாட்லைட் என்ற கைவினைப் பொருள் கடை சுலபம். பாலியஸ்டர் வேண்டாம், மெல்லிய காட்டன் வாங்குங்கள். இந்த ஊர் வெக்கையில் போர்வை தைக்கிறாயா என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ஏசி அறையில் யார் முதலில் இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தானே போகிறோம்.

மேல்துணிக்கு நூறு சதவீதக் காட்டன்தான் நல்லது. பட்டுச் சேலையில் தொடங்காதீர்கள், வழுக்கும், ஓரம் பிரியும். பழைய காட்டன் சேலை அடிப்பக்கத்துக்கு அருமையாக இருக்கும். பாத்திக் சாரோங் மேல்துணிக்கு அழகு, ஆனால் சாயம் போகலாம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, தனியாக அலசிக் காயவைத்த பிறகு வெட்டுங்கள்.

முதல் வேலைக்கு என் யோசனை: 5 இன்ச் சதுரம் 36, ஆறுக்கு ஆறு. ஓரம் கட்டிய பிறகு ஏறக்குறைய 27 இன்ச் வரும். குழந்தையைக் கிடத்தலாம், மேசையில் விரிக்கலாம். கடையில் துணி பெரும்பாலும் 44 இன்ச் அகலம் இருப்பதால் அடித்துணிக்கு ஒரு மீட்டர் போதும், ஒட்டுப்போட வேண்டியதில்லை. கட்டில் அளவுக் குவில்ட்டில் ஆரம்பித்துப் பாதியில் மூட்டை கட்டி வைத்தவர்கள் ஏராளம், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தைத்ததும் இஸ்திரிப் பெட்டியை இழுக்காதீர்கள், வைத்து எடுங்கள். இழுத்தால் சதுரம் சாய்ந்துபோகும். முதல் வரிசையின் தையல் பிடிகளை (தையலுக்கு வெளியே விட்ட கால் இன்ச் ஓரங்களை) இடப்பக்கம் மடித்தால் அடுத்த வரிசையில் வலப்பக்கம் மடியுங்கள். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மூலைகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். வீடியோக்களில் மூலை அவ்வளவு கச்சிதமாக வருவதன் சூட்சுமம் இதுதான்.

மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு, அடித்துணியைத் தரையில் இழுத்து டேப் ஒட்டி, மேலே பஞ்சு, அதன்மேல் மேல்துணி வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தையுங்கள், ஓரத்திலிருந்து வந்தால் நடுவில் சுருக்கம் விழும். மெஷினில் இவ்வளவு தடிமன் ஓட்டப் பயமாக இருந்தால், சதுரங்கள் சேரும் மூலைகளில் எம்பிராய்டரி நூலால் இரட்டை முடிச்சுப் போட்டாலே போதும். எத்தனை இன்ச்சுக்கு ஒரு முடிச்சு வேண்டும் என்பது பேட்டிங் பையிலேயே போட்டிருக்கும்.

கோணல் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்றால் சாங்கி குவில்ட்டுகளைத் தேடிப் பாருங்கள். 1942இல் ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் தைத்தவை. எத்தல் மல்வானி என்ற கனடியப் பெண்மணியின் யோசனை அது. ஆளுக்கொரு சதுரம் கொடுத்து, ஒரு குவில்ட்டுக்கு 66 சதுரம் என்று மூன்று தைத்தார்கள். வேறு முகாம்களில் இருந்த கணவன்மார்களுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க, சதுரங்களில் பெயரையும் தையலிட்டார்கள். அவற்றில் இரண்டு இன்று கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அத்தனை பேருக்கும் ஒரே கைத்திறன் இருந்திருக்க முடியாது. ஆனால் சதுரங்கள் ஒரே அளவு என்பதால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. உங்கள் குவில்ட்டுக்கும் அதே விதிதான்: அளவு சரியாக இருக்கட்டும், தையல் கொஞ்சம் முன்னே பின்னே போகட்டும்.

இன்னொன்று, இரவு பத்து மணிக்கு மேல் மெஷின் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், அந்த நேரத்தை வெட்டுவதற்கும் இஸ்திரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது இருந்து சொல்லித் தந்தால்தான் வரும் என்றால், உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தையல் வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.