இச்சையும் பார்வையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தவக்காலத்தையொட்டி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். இதுவரை எழுத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து பீடச்சிறுவனாக வளர்ந்தவன். கல்லூரி விடுதியில் தொடங்கிய ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் இன்றுவரை என்னை விடவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்வேன், சில வாரம் தாங்கும், மறுபடியும் விழுவேன். கடைசியாகப் போனபோது, “உன்னைப் போன்றவனுக்குக் கல்யாணம் எதற்கு?” என்று குருவானவர் கடிந்துகொண்டார். அதன்பிறகு நான் போகவில்லை. அடுத்த மாதம் எங்கள் கோயிலில் எனக்கு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கப்போகிறார்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாத என் நண்பன், கிறிஸ்தவம் உடலை வெறுக்கும் மதம் என்றும், பழங்காலத் திருச்சபையின் ஆயரான அகுஸ்தினார் தம் இளமைக்கால வருத்தத்தை உலகத்தின் தலையில் ஏற்றிவிட்டார் என்றும், என் குற்றவுணர்வு அதன் மிச்சம்தான் என்றும் சொல்கிறான். வயதுவந்தவர்கள் சம்மதித்து நடித்ததை நான் தனியறையில் பார்ப்பதால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்கிறான். கல்யாணம் ஆனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறான். என்னால் அதை மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. திருமணத்தைத் தள்ளிவைக்க வேண்டுமா?

அ.

*

அன்புள்ள அ.,

உங்களைக் கடிந்துகொண்டவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் உங்களுக்குள் கிடக்கும்வரை நான் சொல்லும் வேறெதுவும் உங்கள் காதில் ஏறாது.

எகிப்தின் பாலைநிலத் துறவியரிடம் தாம் கேட்டவற்றை யோவான் காசியன் என்ற துறவி 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிவைத்தார். உடலின் இச்சையால் அலைக்கழிக்கப்பட்ட இளந்துறவி ஒருவர், முதியவர் ஒருவரிடம் சென்று தம் நிலையைச் சொல்கிறார். முதியவரோ, துறவி என்ற பெயருக்கே நீ தகுதியற்றவன் என்று ஏசி அனுப்பிவிடுகிறார். இனித் தமக்கு மீட்பில்லை என்று முடிவுசெய்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த இளைஞரின் முகவாட்டத்தை வழியில் பார்த்த, ‘அப்பா’ என்று அழைக்கப்பட்ட மூத்த துறவி அப்போல்லோ விடாமல் கேட்டு விவரம் அறிகிறார். இந்த வயதிலும் இதே நினைவுகள் என்னையும் வாட்டுகின்றன, ஒரே ஒரு நாள் மட்டும் உன் பயணத்தைத் தள்ளிவை என்று அவரிடம் கேட்டுக்கொள்கிறார். பிறகு அந்த முதியவரின் குடிலருகே நின்று, இளைஞரின் சோதனை முதியவருக்குப் போகட்டும் என்று அழுது வேண்டுகிறார். சற்று நேரத்தில் முதியவர் பித்துப் பிடித்தவர்போல் குடிலைவிட்டு வெளியேறி, இளைஞர் போன அதே வழியில் போகத் தொடங்குகிறார். அவரைத் தடுத்து நிறுத்திய அப்போல்லோ, இந்தப் போராட்டத்தை அறியாததால்தான் அறிந்தவனை அப்படி நொறுக்கினீர் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்.

துறவறத்தின் மூல நூல்களில் ஒன்றிலேயே இது இருக்கிறது. தகுதியில்லை என்று உங்களை விரட்டுவது திருச்சபையின் மரபு அன்று. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தன்னின்பத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், ஊறிப்போன பழக்கத்தின் வலிமையும் மனக்கலக்கமும் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று சேர்த்தே சொல்கிறது. உங்களைக் கேட்கத் தெரிந்த இன்னொரு குருவைத் தேடிப் போங்கள். ஆள் மாற்றி மாற்றிப் போகாமல், அவர் ஒருவரிடமே தொடர்ந்து போங்கள்.

இனி உங்கள் நண்பரின் வாதம். உடலை இருளின் படைப்பு என்று சொன்ன சமயம் ஒன்று உண்மையில் இருந்தது. மானி என்பவர் தோற்றுவித்தது. அகுஸ்தினார் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்து, பிறகு அதை விட்டு வெளியேறினார். மரணத்துக்கு உட்பட்ட உடல் ஆன்மாவைப் பாவத்தில் தள்ளவில்லை, ஆன்மா செய்த பாவமே உடலை மரணத்துக்கு உட்படுத்தியது என்று ‘கடவுளின் நகர’த்தில் எழுதியவரும் அவர்தான். ஆனால் நண்பர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதுமையில் எக்லானத்து ஆயர் ஜூலியனோடு நடத்திய நீண்ட விவாதத்தில், ஆதிப்பாவம் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவதை அகுஸ்தினார் இச்சையோடு பிணைத்தார். பிள்ளைப்பேற்றுக்காக அல்லாமல் இன்பத்துக்காக மட்டும் கூடும் கணவன் மனைவியிடம்கூட மன்னிக்கத்தக்க பாவம் ஒன்று இருப்பதாகக் கண்டார். நீர் இன்னும் மானியின் சீடர்தான் என்று ஜூலியன் குற்றம்சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டு முழுக்க நியாயமானதல்ல, முழுக்க அடிப்படையற்றதும் அல்ல என்பது என் கருத்து. அந்த நிழல் மேற்கத்தியத் திருச்சபைமீது பல நூற்றாண்டுகள் விழுந்து, உங்கள் பள்ளிக்காலத் தியானப் பிரசங்கங்கள்வரை வந்திருக்கக்கூடும்.

ஆனால் அதே திருச்சபை எதிர்த்திசையிலும் எல்லைக்கோடு கிழித்திருக்கிறது. தன்னைத்தானே காயடித்துக்கொண்டவர் குருத்துவத்தில் இருக்கலாகாது என்பது 325இல் ஆயர்கள் கூடிய நீசேயாச் சங்கத்தின் முதல் விதி. வலக்கண் இடறலாக இருந்தால் பிடுங்கி எறி என்ற ஆண்டவரின் சொல்லை உறுப்பறுப்பாகப் புரிந்துகொள்ள அது இடம் கொடுக்கவில்லை. அதே நூற்றாண்டில் கூடிய கங்ராச் சங்கம் திருமணத்தை இழிவென்று பழிப்பவர்களைச் சபைக்குப் புறம்பாக்கியது. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் பெர்னார்து, ‘அவர் தம் வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடுக’ என்று தொடங்கும், வேதாகமத்தின் இனிமைமிகு பாடல் நூலைப் பற்றித் தம் மடத்துத் துறவியருக்கு 18 ஆண்டுகளில் 86 மறையுரைகள் எழுதினார். இறக்கும்போது மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான் எட்டியிருந்தார். இச்சையை வெறுக்கும் மரபு தன் துறவியருக்கு முத்தத்தைப் பற்றி அத்தனை மறையுரைகள் எழுதாது. இச்சை மனிதரைத் தன்னைவிட்டு வெளியே, இன்னொருவரை நோக்கி இழுக்கும் விசை என்று அது அறிந்திருந்தது.

உங்கள் பழக்கத்தில் கெட்டுப்போவது இந்த விசைதான். அதைப் பார்க்க, நண்பர் பழிக்கும் அதே அகுஸ்தினாரிடம் திரும்பிச் செல்வோம். ‘ஒப்புதல்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுவைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க உரோமைக்கு வந்த அலிப்பியுவுக்கு, வாள்வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் களியாட்டம் அருவருப்பானது. உடன்படித்தவர்கள் ஒருநாள் அவரை விளையாட்டாக அரங்குக்கு இழுத்துப் போகிறார்கள். என் உடலைத்தான் அங்கே உட்காரவைக்க முடியும், என் கண்களை அல்ல என்று சொல்லிவிட்டு, அவர் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். களத்தில் ஒருவன் விழ, கூட்டம் ஒரே குரலாக ஆர்ப்பரிக்கிறது. என்னவானாலும் பார்த்துவிட்டு வெறுக்கலாம் என்று கண்ணைத் திறக்கிறார். களத்தில் விழுந்தவன் உடலில் பட்ட காயத்தைவிடக் கொடிய காயம் இவர் ஆன்மாவில் பட்டது என்கிறார் அகுஸ்தினார். குருதியைப் பார்த்த கணத்தில் அந்த வெறியையும் பருகி, பார்வையை விலக்காமல் நிலைகுத்தினார். வந்தபோது இருந்த ஆளாக அவர் திரும்பவில்லை. பிறகு அழைத்தவர்களுக்கு முன்னால் போய் நின்றதோடு மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனார்.

இந்தப் பக்கத்தில் காம இச்சை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் திரைக்குமுன் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நிலையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன பழைய எழுத்து வேறொன்றை நான் வாசித்ததில்லை. இன்னொருவரின் உடல் காட்சிப்பொருளாகிறது. பார்ப்பவருக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த உடலுக்குரியவரின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் பழக்கத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு படம் முடியுமுன் விரல் அடுத்ததற்குத் தாவுகிறது. நேற்றுப் பார்த்த முகங்களில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை.

அந்த முகத்தின் பக்கம் நின்று பேசும் வேதப் பகுதி தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் அது இல்லை. நம் திருப்பலியில் தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று வாசிக்கப்படுகிறது. பாபிலோனில் சூசன்னா என்னும் பெண் நடுப்பகலில் தன் கணவரின் தோட்டத்தில் உலவுவதை, நீதிபதிகளான இரண்டு மூப்பர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல்தான் முதலில் பார்க்கிறார்கள். உணவு வேளை வந்துவிட்டதென்று விடைபெற்றுப் பிரிந்தவர்கள், ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி வந்து அதே இடத்தில் எதிர்ப்படுகிறார்கள். அவர்கள் வானத்தைப் பார்க்காதபடி கண்களைத் திருப்பிக்கொண்டார்கள் என்று நூல் சொல்கிறது. பார்த்தலிலிருந்து மிரட்டலுக்கும், மிரட்டலிலிருந்து பொய்ச்சாட்சிக்கும் அவர்கள் போகிறார்கள். வழக்கு மன்றத்தில்கூட, அவள் அழகைக் கண்டு நிறைவடைவதற்காக முக்காட்டை விலக்கச் சொல்கிறார்கள். சாகப்போகும் பெண்ணிடமும் அந்தக் கண்களுக்குப் பசி அடங்கவில்லை.

உரோமையின் பிரேத்தெக்ஸ்தாத்து நிலவறைக் கல்லறையில், இரண்டு ஓநாய்களுக்கு நடுவே நிற்கும் ஓர் ஆட்டை வரைந்து, அதற்குமேல் சூசன்னா என்று பெயர் எழுதியிருக்கிறார்கள் பழைய கிறிஸ்தவர்கள். பின்னாளில் ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இதே கதையை, குளிக்கும் பெண்ணின் அழகைக் காட்டும் வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய படத்தின் முன் நிற்பவர் மூன்றாவது மூப்பராகிவிடுகிறார். 1610இல் ஆர்தமீசியா ஜென்திலெஸ்கி என்ற பெண், பதினேழு வயதை ஒட்டி வரைந்த ஓவியம் வேறானது. கல்லிருக்கையில் சூசன்னா உடலை முறுக்கித் திரும்பி, முகம் கோணி, இரு கைகளையும் உயர்த்தித் தடுக்கிறாள். சுவருக்கு மேலிருந்து இருவர் அவள்மீது கவிகிறார்கள். அங்கேயும் நிர்வாணம் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கிறவர் முதலில் அவளுடைய வேதனையைச் சந்திக்காமல் அவள் உடலுக்குப் போக முடியாது.

இந்த வேறுபாட்டைத்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறையியலாக விரித்தார். 1979 செப்டம்பர் முதல் 1984 நவம்பர் வரை புதன்கிழமைச் சந்திப்புகளில் அவர் ஆற்றிய 129 உரைகள், உடலின் இறையியல் என்று இன்று அறியப்படுகின்றன. ஆதியில் இருவரும் ஆடையின்றி இருந்தும் நாணவில்லை என்னும் தொடக்கநூல் வரியிலிருந்து, ஒருவரின் உடல் மற்றவருக்குக் கொடையாகத் தரப்படுவதற்கானது என்று அவர் வாதிட்டார். 1981 ஏப்ரல், மே மாதங்களில் ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் திரைப்படத்தையும் எடுத்துப் பேசினார். நிர்வாணத்தை வரைவதே தவறு என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் தரும் கொடை, பெயரறியாத பலரின் நுகர்வுக்காகப் பிரித்தெடுக்கப்படும்போது மனிதர் பொருளாகிவிடுகிறார் என்றார். மைக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் இருந்த நிர்வாண உருவங்களுக்கு 1565இல் துணி வரைய வைத்தது இதே திருச்சபைதான். 1994இல் அந்த ஓவியம் புதுப்பிக்கப்பட்டபோது, சிஸ்தின் சிற்றாலயத்தை மனித உடலின் இறையியலுக்கான திருத்தலம் என்று இதே திருத்தந்தை அழைத்தார்.

சம்மதம் இருந்தால் கெடுதல் என்ன என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. திரையில் இருப்பவர் சம்மதித்தாரா என்பதை அறிய உங்களுக்கு வழியே இல்லை என்பது ஒன்று. 2020 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் சேவையை நிறுத்திய பிறகு, போர்ன்ஹப் என்ற ஆபாசக் காணொளித் தளம் யார் பதிவேற்றினார் என்று சரிபார்க்கப்படாத காணொளிகளை நீக்கியது. அதன் சேகரத்தில் பெரும்பகுதி அத்தோடு போய்விட்டது. முந்தைய நாள்வரை அவற்றைப் பார்த்தவர்களில் எவரால், இதில் இருப்பவர் விரும்பித்தான் இருக்கிறார் என்று சொல்லியிருக்க முடியும்? சம்மதம் உறுதியாக இருந்தாலும், சம்மதித்தவரை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை என்பது இரண்டாவது பதில். அவரால் உங்களைத் திரும்பிப் பார்க்க முடியாது. உங்களிடம் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. தன்னை மறுக்கவே முடியாத ஒருவரை விரும்பிப் பழகும் இச்சை, மறுக்கக்கூடிய ஒருவருக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்.

ஆகவே கல்யாணம் தானாக எதையும் சரிசெய்யாது. 1980 அக்டோபர் 8 அன்று, ஒருவர் தம் சொந்த மனைவியையும் இச்சையைத் தீர்த்துக்கொள்ளும் பொருளாக மட்டும் நோக்கினால், ஆண்டவர் சொன்ன உள்ளத்து விபசாரத்தை அவரிடமும் செய்யக்கூடும் என்று இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். மணவாழ்க்கையைப் பழிக்கிறார் என்று அப்போது செய்தித்தாள்கள் கொதித்தன. மனைவியரின் பக்கம் நின்று சொல்லப்பட்ட சொல் அது என்றே நான் வாசிக்கிறேன். மணச்சடங்கு அந்தப் பெண்ணை உங்கள் பழக்கத்துக்கு மருந்தாக ஒப்படைப்பதில்லை.

அதனால்தான் அவரிடம் சொல்லிவிடுங்கள் என்கிறேன், ஓலை வாசிப்பதற்கு முன்பே. பார்த்தவற்றின் விவரம் அவருக்கு வேண்டாம். அது அவர்மேல் வைக்கத் தேவையற்ற சுமை. இப்படியொரு பழக்கம் இருக்கிறது, இத்தனை காலமாக இருக்கிறது, அதை விட்டுவிட இன்னாரிடம் உதவி பெறுகிறேன் என்று மட்டும் சொன்னால் போதும். கைப்பேசி இரவில் உங்கள் அறையில் இருக்க வேண்டாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள். பாவசங்கீர்த்தனமும் மருத்துவமும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. உங்கள் பக்கத்திலிருந்து திருமணத்தைத் தள்ளிவைக்கக் காரணம் எதையும் நான் காணவில்லை. ஆனால் இதைக் கேட்டபின் யோசிக்க அவகாசம் வேண்டுமென்று அவர் சொன்னால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, பத்திரிகை அச்சாகிவிட்டது என்றெல்லாம் சொல்லி அவரை நெருக்காமல், அவர் கேட்கும் காலத்தை முழுமையாகக் கொடுங்கள்.