லாண்டரி போர்ல 40 நிமிஷத்துல தண்ணி தீர்ந்து மோட்டார் காத்து வாங்குது, போர் போடுற ரிக்காரர் 1000 அடிக்கு போகச் சொல்றாரு, இன்னும் ஆழமா போடலாமா?

அண்ணே, அவசரப்பட்டு 1000 அடிக்கு போகாதீங்க. நம்ம கோயம்புத்தூர் பக்கம் அடியில கெட்டிப் பாறை, தண்ணி பாறை வெடிப்புல மட்டும்தான் நிக்கும், ஆழம் போகப் போக வெடிப்பு குறையுறதுதான் ஜாஸ்தி, ரிக்காரர் அடிக்கணக்குல காசு வாங்குறவர், அவர் அப்படித்தான் சொல்வாரு.

40 நிமிஷத்துல காத்து வாங்குதுன்னா ஊறுற வேகத்தவிட மோட்டார் வேகமா இழுக்குதுன்னு அர்த்தம். அடுத்த தடவ மோட்டார மேல எடுக்கும்போது கூடவே ஒரு முக்கா இஞ்ச் பிவிசி பைப்பையும் இறக்கிடுங்க, அதுக்குள்ள கயிறுல ஒரு போல்ட்டு கட்டி விட்டா நீர்மட்டம் தெரியும், கயிறு மோட்டார்ல சிக்காது. காலைல ஆன் பண்றதுக்கு முன்னாடியும் ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சும் அளந்து நோட்டுல எழுதுங்க. எவ்ளோ ஊறுதுன்னு தெரிஞ்சதும் கேட் வால்வ கொஞ்சம் மூடி, டைமர் போட்டு, விட்டு விட்டு சம்ப்புக்கு ஏத்துங்க. ட்ரை ரன் கட் ஆஃப் (தண்ணி இல்லன்னா மோட்டார தானா நிறுத்துறது) கட்டாயம் வேணும், இல்லன்னா மோட்டார் காயில் போயிடும்.

லாண்டரிங்குறதால இன்னொன்னு, கடைசி அலசல் தண்ணிய தனி டேங்க்ல பிடிச்சு அடுத்த லோடு முதல் வாஷுக்கு விடுங்க, பெரிய மிச்சம் அதுலதான்.

கூரை 1000 சதுர அடி இருந்தா ஒரு இஞ்ச் மழைக்கு சுமார் 2300 லிட்டர் விழும், ஜல்லி மணல் ஃபில்டர் வழியா போருக்கு விடலாம். சோப்புத் தண்ணி மட்டும் ஒரு சொட்டு கூட உள்ள போகக் கூடாதுண்ணே, பக்கத்து வீட்டுக்காரங்களும் அதே வெடிப்புத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க.