கண்ணில் சொட்டு மருந்து இடும் புதிய முறைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கீழிமையைச் சற்றுப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு முழுத் துளிக்குப் பதிலாக இரண்டு அரைத் துளிகளைச் சிறிது இடைவெளி விட்டு இட்டால், மருந்து கன்னத்தில் வழிந்து வீணாவது வெகுவாகக் குறைகிறது, இந்த முறைக்குக் காப்புரிமை பெற முடியுமா? கண் மருந்துகளைத் தயாரித்துச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பிறகு காப்புரிமை விண்ணப்பங்களை எழுதித் தரும் தொழிலுக்கு வந்தவன் நான். கை செய்கிற செயலுக்குக் காப்புரிமை கிடைப்பது அரிது; அந்தக் கை பிடித்திருக்கும் பொருளுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கேள்வியில் முதல் பாதி செயல். இரண்டாம் பாதியில், 'அரைத் துளி' என்ற சொல்லுக்குள், ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் கைவைத்திருக்கும் சிக்கல் உண்மையானது. கடையில் கிடைக்கும் குப்பிகளிலிருந்து விழும் ஒரு துளி பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோ லிட்டர் வரை இருக்கும். கண்ணின் மேல் இயல்பாக இருக்கும் கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோ லிட்டர்தான். இமைக்கும் விழிக்கும் இடையிலுள்ள மடிப்பு ஒரு கணம் தாங்கக்கூடிய மொத்த அளவே ஏறத்தாழ 30 மைக்ரோ லிட்டர். எனவே துளி விழுந்து ஒருமுறை இமைத்ததுமே மிகுதி கன்னத்தில் வழிகிறது, அல்லது மூக்கோரத்து இமை விளிம்பில் இருக்கும் சிறு துளை வழியாகக் கண்ணீர் நாளத்தில் இறங்கி மூக்குக்கும் தொண்டைக்கும் போய்விடுகிறது. மருந்து போட்ட சில நிமிடங்களில் தொண்டையில் கசப்பதற்கு அதுவே காரணம். இட்ட மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே விழிக்குள் ஊடுருவுகிறது என்பது கண் மருந்தியல் பாடநூல்களில் பல காலமாக இருந்துவரும் செய்தி.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 27ஆம் விதி, மனிதர்களுக்கான நோயறிதல், சிகிச்சை, அறுவை முறைகளைக் காப்புரிமையிலிருந்து விலக்கி வைக்க உறுப்பு நாடுகளுக்கு அனுமதி அளிக்கிறது. பெரும்பாலான நாடுகள் அந்த அனுமதியைப் பயன்படுத்தியிருக்கின்றன. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவு மனிதர்களுக்கான எந்தச் சிகிச்சை முறையையும் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 53(c) விதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நோயாளியின் கண்ணுக்கு முன்னால் நிற்கும் மருத்துவர், 'இப்படிச் செய்தால் யாராவது வழக்குப் போடுவார்களோ' என்று தயங்கக் கூடாது என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். 'கீழிமையை இழுத்து, இன்ன இடத்தில் இட்டு, இத்தனை நிமிடம் காத்திருப்பது' என்று நீங்கள் எழுதும் வாக்கியம் அப்படியே இந்த விலக்குக்குள் போய் விழுகிறது.

அமெரிக்கா இதில் தனி வழி. அங்கே சிகிச்சை முறைகளுக்கும் காப்புரிமை உண்டு. ஆனால் அதன் கூர்மையை மழுக்கிய வழக்கு கண் மருத்துவத்திலிருந்தே வந்தது. கண்புரை அறுவையில் தையல் போடாமலேயே தானாக மூடிக்கொள்ளும் கீறலுக்கு சாமுவேல் பாலின் என்ற கண் மருத்துவர் 1992-ல் காப்புரிமை பெற்று, அதே வகைக் கீறலைப் பயன்படுத்திய ஜாக் சிங்கர் என்ற மற்றொரு கண் மருத்துவர் மீது வழக்குத் தொடுத்தார். மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. 1996-ல் வழக்கு பாலினுக்குப் பாதகமாக முடிந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் 287(c) என்ற உட்பிரிவும் சேர்ந்தது. அதன்படி, மருத்துவர் தம் தொழிலைச் செய்யும்போது ஒரு முறைக் காப்புரிமையை மீறினாலும், அவரிடமோ அவர் பணிபுரியும் மருத்துவமனையிடமோ இழப்பீடு கேட்க முடியாது, தடையாணை வாங்கவும் முடியாது. காப்புரிமை பெற்ற கருவியையோ மருந்துக் கலவையையோ உரிமையில்லாமல் பயன்படுத்தினால் இந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. கைக்கும் பொருளுக்கும் இடையே நான் மேலே போட்ட கோட்டைச் சட்டமே இங்கே போட்டுவிட்டது.

மருத்துவரை விடுங்கள், சொட்டு மருந்தைத் தினமும் இடுபவர் நோயாளி. படுக்கையில் சாய்ந்து தம் கண்ணில் தாமே மருந்து விட்டுக்கொள்ளும் முதியவர் மீது யார் வழக்குப் போடுவார்கள்? போட்டாலும் அவர் இமையை எந்தப் பக்கம் இழுத்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? நடைமுறையில் முறைக் காப்புரிமையைக் கொண்டு பிடிக்கக்கூடியவர், அந்த முறையைப் பின்பற்றும்படி மருந்தின் தகவல் தாளில் அச்சடித்து விற்கும் போட்டி நிறுவனம் மட்டுமே. அந்த நிறுவனமோ அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுப் பழைய பயன்பாட்டை மட்டும் அச்சடித்து, அதே மருந்தை விற்க வழி தேடும்.

ஐரோப்பாவில் ஒரு சந்து உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை முறைக்குக் காப்புரிமை இல்லையே தவிர, 'இன்ன நோய்க்கு, இன்ன விதத்தில் பயன்படுத்துவதற்கான இன்ன மருந்துப் பொருள்' என்று எழுதினால், அந்த மருந்து ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தாலும் ஏற்பார்கள். அளவும் தவணையும் மட்டுமே புதியவை என்றாலும் இது செல்லும் என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்க மேல்முறையீட்டு வாரியம் 2010-ல் ஜி 2/08 முடிவில் கூறியது. ஆகவே 'கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்காக, 15 மைக்ரோ லிட்டராக இரண்டு தவணை, இத்தனை நிமிட இடைவெளியில் இடப்படும் டிமோலால் மருந்து' என்பது அங்கே குறைந்தபட்சம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும். அதே வாக்கியத்தை இந்தியாவில் கொடுத்தால், தெரிந்த பொருளின் புதிய பயன்பாடு என்று 3(d) பிரிவின் கீழும் சிகிச்சை முறை என்று 3(i) பிரிவின் கீழும் ஒரே கடிதத்தில் இரண்டு ஆட்சேபங்கள் வரும். இப்படிப்பட்ட கடிதங்கள் சில என் மேசையில் இருந்திருக்கின்றன.

இனி அந்த அரைத் துளி. இதை எங்கள் ஆய்வகத்தில் நான் பார்த்துக் கற்றுக்கொண்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குப்பியைக் கவிழ்த்து மெதுவாக அழுத்தினால், குப்பியின் மூக்கு, அதாவது துளி விழும் நுனி, விளிம்பு முழுவதும் நனைந்து, துளி பருத்துத் தொங்கி, கழுத்து மெலிந்து, தன் எடையை விளிம்பு தாங்க முடியாத நொடியில் அறுந்து விழும். சிறு எச்சம் மூக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். தராசின் மேல் பத்துத் துளிகளை விட்டு மொத்த எடையைப் பத்தால் வகுப்பது எங்கள் அன்றாட வேலை. விழும் துளியின் எடை, அது தொங்கும் விளிம்பின் அளவையும் திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையையும் பொறுத்தது என்பது 1864-ல் தாமஸ் டேட் சொன்ன விதி. நீங்கள் மெதுவாக அழுத்தினாலும் கவனமாக அழுத்தினாலும் அந்தக் குப்பி தன் துளியைத்தான் தரும், பாதியை அல்ல. குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் துளி மாறும். பென்சால்கோனியம் குளோரைடு போன்ற, மருந்தைக் கெடாமல் காக்கும் பதனப்பொருள் சேர்ந்த மருந்தை அதே மூக்கில் ஊற்றினால் இழுவிசை குறைந்து துளி சிறுக்கும். அப்படியானால் நீங்கள் அரைத் துளியை எப்படி உண்டாக்கினீர்கள்? மூக்கைச் சீவினீர்களா, மேலே எதையாவது மாட்டினீர்களா, நுனியை இமையின் உட்புறத்துக்கு அருகே கொண்டுபோய்த் துளி முழுதாகத் திரளும் முன்பே தொட்டு எடுத்தீர்களா? கடைசியாகச் சொன்னது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். குப்பியின் நுனி கண்ணைத் தொட்டால் உள்ளே இருக்கும் மருந்து முழுவதும் மாசுபடக்கூடும். முதல் இரண்டில் ஒன்று என்றால், உங்களிடம் இருப்பது ஒரு சாதனம். அதற்கு 3(i) பொருந்தாது, 53(c) பொருந்தாது, 287(c) மருத்துவருக்குக் கொடுக்கும் விலக்கும் உதவாது.

சாதனமாக எழுதும்போது ஓர் எச்சரிக்கை. 'சிறிய துளி தரும் மூக்கு' என்று எழுதினால் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் சிரிக்காவிட்டாலும் நிராகரித்துவிடுவார். துளிகள் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. பெரிய துளிகளால் தங்கள் பணம் வீணாகிறது என்று நோயாளிகளே அமெரிக்காவில் மருந்து நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டு, 2017-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய, அதே ஆண்டில் இன்னொன்று வழக்கைத் தொடர அனுமதித்தது. துளியே இல்லாமல் சுமார் 8 மைக்ரோ லிட்டரை நுண்திவலையாகத் தெளிக்கும் கருவியுடன் கூடிய, கண் பாவையை விரிக்கும் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் ஒப்புதல் அளித்துவிட்டது. எனவே நீங்கள் காட்ட வேண்டியது விருப்பத்தை அல்ல, வழியை: விளிம்பின் வெளிவிட்டம், உள்துளையின் அளவு, எந்த இழுவிசை வரம்புள்ள திரவம், எந்தச் சாய்வில் எவ்வளவு துளி, பத்துத் துளிகளுக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம்.

அந்த எண்கள் எதிர்பாராதவையாக இருந்தால் இன்னும் நல்லது. கண் மருந்துகளில் இதைக் காட்டும் இரண்டு வழக்குகள் உண்டு, இரண்டிலும் நிறுவனம் அலர்கன். லூமிகன் என்ற கிளாக்கோமா மருந்தில் அதன் செயல்படு பொருளான பைமாட்டோபிராஸ்ட்டை 0.03 சதவீதத்திலிருந்து 0.01 சதவீதமாகக் குறைத்து, பென்சால்கோனியம் குளோரைடை 50-லிருந்து 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) ஆக உயர்த்தினார்கள். கண்ணுக்கு எரிச்சல் தரும் அந்தப் பதனப்பொருளைக் கூட்டாதே என்றுதான் அதுவரை வெளிவந்த நூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அதற்கு எதிர்த்திசையில் போய்ப் பலன் கண்டதால் 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையைக் காப்பாற்றியது. ரெஸ்டாசிஸ் என்ற உலர்கண் மருந்தின் வழக்கில் நடந்தது வேறு. அந்த மருந்தான சைக்ளோஸ்போரின் குழம்பின் பழைய காப்புரிமை 2014-ல் முடிந்த பிறகும், அது முன்பே சொல்லியிருந்த வரம்புகளுக்குள் அடங்கும் ஒரு குறிப்பிட்ட கலவைக்கான புதிய காப்புரிமைகளால் போட்டி மருந்துகளுக்கான தடுப்பு நீடித்தது. அலர்கன் 2017 செப்டம்பரில் அந்தக் காப்புரிமைகளைச் செயின்ட் ரெஜிஸ் மோஹாக் என்ற அமெரிக்கப் பழங்குடியினருக்கு மாற்றிக் கொடுத்து, 13.75 மில்லியன் டாலரும் கொடுத்து, காப்புரிமைகளைக் கேள்விக்குள்ளாக்கும் நடவடிக்கைகளிலிருந்து தப்ப அவர்களுடைய இறையாண்மையின் மறைவில் நிற்கப் பார்த்தது. அடுத்த மாதமே அமெரிக்க நீதிபதி வில்லியம் பிரைசன், அந்தக் காப்புரிமைகள் உரிமை கோரிய கலவை துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்று அவற்றைச் செல்லாதவையாக்கினார். 2018-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. பொருளாக இருந்தால் மட்டும் போதும் என்று என்னை நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

கடைசியாக, நேரம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், புருவ எலும்பில் பொருந்தி நிற்கும் குப்பித் தாங்கி ஒன்றுடன் என்னிடம் வந்தார். கைநடுக்கம் உள்ளவர்களுக்காகச் செய்தது. மிக நேர்த்தியான வேலை. ஆனால் வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே அதைச் செய்துகாட்டும் காணொளியை இணையத்தில் ஏற்றியிருந்தார். அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை இருப்பதால் அங்கு மட்டும் விண்ணப்பித்தோம். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுச் சலுகை கிடையாது; இந்தியாவில் அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற குறுகிய விலக்குகளே உள்ளன. காணொளி அவற்றில் சேராது.

இதே நிலைதான் உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கும். இமையைப் பக்கவாட்டில் இழுப்பதும் இரண்டு தவணையாக இடுவதும், நீங்கள் இங்கே எழுதிய நாளிலிருந்தே பொதுவெளியில் வந்துவிட்டன; அதனால் இழந்தது அதிகமில்லை. துளியைப் பாதியாக்கிய விதத்தை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அதை வரைபடத்துடனும் எடைக் கணக்குடனும் தற்காலிக விண்ணப்பமாகத் தாக்கல் செய்துவிட்டால், முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசமும் பிற நாடுகளுக்கு அதே தேதியின் முன்னுரிமையும் கிடைக்கும். அதுவரை கீழே யார் கேட்டாலும், நான் கேட்டாலும், பதிலில் அதைச் சொல்லிவிடாதீர்கள்.