லீற்றருக்கு 10 கிலோமீற்றரில் நிற்கும் பழைய மாருதி: காசை எங்கே போடலாம்?

கேள்வி: என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த மாருதி 800, காபரேற்றர் எஞ்சின். வேலை, பிள்ளைகளின் டியூஷன், கடைகண்ணி எல்லாம் சேர்த்து மாதம் 800 கிலோமீற்றர் ஓடும். லீற்றருக்கு 13, 14 தந்த வண்டி இப்போது 10ஐத் தாண்டுவதே இல்லை. எஞ்சினை இறக்கி முழுதாகச் செய்ய 175,000 ரூபா ஆகும் என்கிறது கராஜ். பெற்றோல் குழாயில் காந்தம் ஒன்றை மாட்டினால் 20 சதவீதம் மிச்சம் என்கிறார் நண்பர். அதன் விலை 9,500. வேறு கார் வாங்க வசதியில்லை. எதைச் செய்யட்டும்?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள்.

காந்தத்தை முதலில் முடித்துவிடுவோம். பெற்றோலை காந்தத்துக்குப் பக்கத்தால் ஓடவிட்டால் அது எரியும் விதம் மாறாது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பெற்றோல் மிச்சம்பிடிக்கும் என்று விற்கப்பட்ட 100க்கு மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. மிகச் சிலதான் ஏதோ கொஞ்சம் பலன் தந்தன. சில, புகையைக் கூட்டின. பற்றரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எஞ்சினுக்கு வாயு கொடுக்கும் கருவியும் இதே கதைதான். அந்த மின்சாரத்தை உண்டாக்குவதும் உங்கள் பெற்றோல்தானே. 2022இல் பெற்றோல் 92 லீற்றர் 470 ரூபாவைத் தொட்டு, கியூஆர் கோட்டாவுக்கு நாம் வரிசையில் நின்ற காலத்தில் இப்படியான சாமான்களை நம்பிக் காசைக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். கஷ்டத்தில் இருப்பவரிடம் இதை விற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இனி வண்டிக்கு வருவோம். 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். முன்பு 14 தந்ததென்றால் அந்த 14 அதற்குள் எங்கோ இருக்கிறது. எதையாவது புதிதாகப் பூட்டுவதற்கு முன் அது எங்கே போனது என்று தேடவேண்டும். அதற்கும் முன்னால், 10 என்ற கணக்கு சரிதானா என்று பாருங்கள். 1,000 ரூபாவுக்கு, 2,000 ரூபாவுக்கு என்று அடித்துக்கொண்டு மீற்றர் முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கு நம்பத்தக்கதல்ல. ஒரே ஷெட்டில், ஒரே பம்பில், துப்பாக்கி முதல் தடவை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அரைத் தாங்கிக்கு மேல் ஓடியபின் அதே பம்பில் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரியுங்கள். இரண்டு, மூன்று முறை செய்தால் உண்மை தெரியும்.

அடுத்தது கொம்பிரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளப்பது. எஞ்சினை இறக்கச் சொல்பவர் முதலில் இதைச் செய்து காட்டியிருக்கவேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில், தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள் இருந்தால் எஞ்சினை இறக்க வேலையே இல்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துவாரத்தில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. அது ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் வேலை. பிளக்குகள் வெளியே இருக்கும்போதே நுனியையும் பாருங்கள். இளம் மண்ணிறம் நல்லது. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. ஒயில் ஈரம் என்றால் ரிங், வால்வு சீல் பக்கம் சந்தேகப்படவேண்டும்.

உங்கள் வண்டியில் கரிதான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் தேடவேண்டிய இடங்கள் சில உண்டு. எயார் பில்டர் மூடியைக் கழற்றி, காற்றோடு பெற்றோலைக் கலக்கும் காபரேற்றரின் வாயைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பது சோக். டாஷ்போர்டில் இருக்கும் அதன் குமிழை முழுதாக உள்ளே தள்ளியபின் அங்கேயிருக்கும் தகடு நேரே நிமிர்ந்து நிற்கவேண்டும். கேபிள் துருப்பிடித்து இறுகிவிட்டால் தகடு சரிந்தபடியே நின்றுவிடும். நாள் முழுக்கச் சோக் போட்டு ஓடுவதாக அர்த்தம். கேபிளை மாற்றுவது சின்னச் செலவு. எயார் பில்டர் அடைத்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். கணினி கட்டுப்படுத்தும் புதுக் கார்களில் அடைத்த பில்டரால் பெற்றோல் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. காபரேற்றர் வண்டியில் கூடும்.

பிறகு தேர்மோஸ்டற். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. நம் ஊரில் பழைய வண்டி ஒரு தடவை சூடேறினால் போதும், “இந்த வெயிலுக்கு இது தேவையில்லை” என்று கராஜ் பாஸ்மார் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே ரேடியேற்றருக்குள் சுற்றும். எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வரச் சுணங்கும். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு டியூஷனுக்குப் போய்வரும் குட்டிப் பயணம் முழுவதும் குளிர்ந்த எஞ்சினோடு முடிந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் கூடப் பெற்றோல் குடிக்கும், சீக்கிரம் தேயும். சோதிக்கும் முறை லேசு: காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேற்றரின் மேல் ஹோஸை ஃபானில் கை படாமல் தொட்டுப் பாருங்கள். தேர்மோஸ்டற் இருந்தால் சில நிமிடம் குளிராகவே இருந்து, பிறகு சட்டென்று சுடும். முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அதைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது அது திறந்தபடியே இறுகியிருக்கிறது. புதிது போடுங்கள். வண்டி சூடேறினால் ரேடியேற்றரையும் ஃபானையும் தண்ணீர்ப் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு வட்டப் பெட்டியும் அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயும் இருக்கும். மெதுவாக மிதித்து ஓட்டும்போது தீப்பொறியைச் சற்று முன்னதாக விழவைப்பது அதுதான். உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்தால் வண்டி நிற்காது, சத்தமும் போடாது. பெற்றோல் மட்டும் போகும். குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். இழுவை நிற்காவிட்டால் சவ்வு போய்விட்டது.

கடைசியாக பிரேக். காலி வீதியில் கொஞ்ச நேரம் ஓடி வந்ததும் நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது. கடற்காற்று படும் உங்கள் பகுதியில் கலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகுவது சகஜம். இதைத் தள்ளிப்போடவேண்டாம், பெற்றோலைவிட உயிர் பெரிது. ரயர் காற்றை மாதம் இரண்டு தடவை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

இப்போது கணக்கு. மாதம் 800 கிலோமீற்றருக்கு, 10 தரும்போது 80 லீற்றர் வேண்டும். 13 தந்தால் ஏறக்குறைய 62. மிச்சம் 18 லீற்றர். அதை இன்றைய விலையால் பெருக்கி, 175,000ஐ அதால் பிரித்துப் பாருங்கள். எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்பது தெரியும். நான் சொன்ன வேலைகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தத் தொகைக்குக் கிட்டவும் வராது.

கேள்வி: அதே மாதிரிக் காருக்கு 12 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 13 அங்குல அலோய் வீல் போட்டேன். பெற்றோல் கூடக் குடிப்பதாகத் தெரிகிறது. உண்மையா, பிரமையா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இரண்டும் கலந்திருக்கிறது. 145/70 ஆர்12 ரயரின் விட்டம் சுமார் 508 மில்லிமீற்றர். அதற்குப் பதில் 155/70 ஆர்13 போட்டிருந்தால் 547. ஏறக்குறைய 8 சதவீதம் பெரிது. வண்டி 108 கிலோமீற்றர் ஓடும்போது மீற்றர் 100 என்றே காட்டும். அதனால் உங்கள் கணக்கில் மைலேஜ் உண்மையைவிடக் குறைவாக வரும். வேகமும் அப்படித்தான், மீற்றர் காட்டுவதைவிடக் கூடுதலாகப் போகிறீர்கள். கவனம். மற்றப் பக்கம், அகலமான, பாரமான சில்லை நெரிசலில் நிறுத்தி நிறுத்தி உருட்ட அந்தச் சின்ன எஞ்சினுக்குச் சக்தி கூடத் தேவை. ரிம் பிடித்துவிட்டது என்றால், மொத்த விட்டம் பழைய அளவுக்குக் கிட்ட வரும்படி உயரம் குறைந்த ரயரைத் தேடிப் போடுங்கள். பெற்றோல்தான் முக்கியம் என்றால் பழைய ரிம்முக்கே திரும்புங்கள்.

கேள்வி: 95 ஒக்டேன் அடித்தால் கூட ஓடுமா? காஸுக்கு மாற்றினால் என்ன?
– தெஹிவளை வாசகி

பதில்: 95ஆல் பழைய காபரேற்றர் எஞ்சினுக்குப் பலனில்லை. ஒக்டேன் என்பது நொக்கிங்கை, அதாவது பெற்றோல் அழுத்தத்தில் தானாக வெடித்து எஞ்சின் தட்டுவதை, தாங்கும் அளவு. கொம்பிரஷன் விகிதம் குறைவாகவே வடிவமைத்த எஞ்சினுக்கு 92 தாராளம். காஸ் ஒரு லீற்றரில் இருக்கும் சக்தி பெற்றோலைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு, ஆகவே லீற்றர் கூடப் போகும். டிக்கியின் இடத்தைத் தாங்கி பிடித்துக்கொள்ளும். 2022இல் காஸுக்கும் வரிசையில்தான் நின்றோம். குறைவாக ஓடும் சின்னக் காருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். எஞ்சினையே மாற்றும் யோசனை இருந்தால், எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருப்பதை மறக்காதீர்கள். முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதியைக் கேளுங்கள், காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் “ஒரிஜினல்” என்று வாங்கிய காபரேற்றர் கிட், பூட்டிய கொஞ்ச நாளிலேயே பெற்றோல் கசிந்தது. கடைக்காரர் கையை விரிக்கிறார். பற்றுச்சீட்டு இருக்கிறது.
– மருதானை வாசகர்

பதில்: முதலில் வண்டியை ஓட்டாதீர்கள். சூடான எஞ்சினுக்கு மேல் பெற்றோல் கசிவது தீ ஆபத்து. பழுதான கிட்டைப் பெட்டி, உறையோடு பத்திரப்படுத்துங்கள். பூட்டிய பாஸிடம் என்ன குறை என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். கடைக்காரரிடம் இன்னொரு தடவை, மாற்றித் தாருங்கள் அல்லது காசைத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம். 1977க்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். கடைக்காரர் “அடுத்த கிழமை வாருங்கள்” என்று இழுத்தடிப்பதில் நாள் போய்விடக்கூடாது. இனி வாங்கும்போது பற்றுச்சீட்டில் வெறுமனே “கிட்” என்று எழுதவிடாமல் தயாரிப்பு, பாக இலக்கம், அவர் வாயால் சொல்லும் உத்தரவாதம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்பவரிடம் வாங்காமல் அடுத்த கடைக்கு நடங்கள், அந்த வீதியில் கடைக்கா பஞ்சம்?